இரண்டாவது முறை பார்த்தேனா

குதிகாலைக் கீழே அழுத்துங்கம்மா, விரல் நுனி மேலே பார்க்கட்டும் என்று சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன வார்த்தைகள், வாயைத் திறந்தால் தானாக விழுகின்றன. பாதத்தின் முன்பகுதி மட்டும் ஸ்டிரப் வளையத்தில் இருந்தால் போதும், முழுப் பாதத்தையும் உள்ளே விடாதீர்கள், கடிவாளக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், தரையைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், உங்கள் கண் போகிற பக்கம்தான் குதிரையும் போகும். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுகிறார். ஹெல்மெட் பட்டையை நான் மாட்டும்போது மோவாயைக் குழந்தை மாதிரித் தூக்கிக் காட்டுகிறார். இவ்வளவு பக்கத்தில் இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், பதினான்கு மாதத்துக்கு முன்னால், பிணவறைக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில், பச்சைச் சேலையில், ஒரு காலில் மட்டும் செருப்போடு. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கிட்டே போகவில்லை. இன்று காலை படிவத்தில், விபத்துக் காகிதங்களில் படித்த அதே பெயரைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது. செண்பகவடிவு, வயது ஐம்பத்து மூன்று, தென்காசி. குதிரை ஏறிப் பழக்கம் உண்டா, இல்லை. உடம்புக்கு ஏதாவது கோளாறு உண்டா, இல்லை. ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் மகன் பெயர். நான் கூட்டிக்கொண்டு போன சவாரியில் விழுந்து இறந்துபோன குற்றாலிங்கத்தின் மனைவி தன்னந்தனியாகக் கோத்தகிரி வரைக்கும் வந்து, அதே பாதையில் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் யார் என்று அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியுமா? "உங்க பேரு மார்த்தாதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம்மா என்றேன்.

பூரணியைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். பதினெட்டு வயசுப் பெண் குதிரை, பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் காதை மட்டும் திருப்பும். நான் மணியன்மேல். அவர் புருஷன் கடைசியாக ஏறியிருந்தது இந்த மணியன்மேல்தான், அதன்பிறகு விருந்தாளி யாரையும் இவன்மேல் ஏற்ற மனசு வராமல் நானே ஏறிக்கொள்கிறேன். தேயிலைக்கு நடுவே பாதை ஏறுகிறது. வெயில் இன்னும் சரிவுக்கு வரவில்லை, இலைகளில் ஈரம். ஏறும்போது உடம்பை முன்னால் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கம்மா, அவளுக்கு முதுகு லேசாக இருக்கும். அவர் சாய்கிறார். மருமகளுடையதாக இருக்க வேண்டும், கருநீலச் சுடிதார், கையில் நீளம் போதவில்லை, காலில் பையனுடைய கேன்வாஸ் ஷூ, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறார். சேலையோடு வரக் கூடாது, தொடை உராயும், காலுறை முழங்கால் வரைக்கும் இருந்தால் நல்லது என்று போனில் பதிவு செய்யும்போதே எங்கள் ஆபீஸில் சொல்லிவிடுவார்கள். சொன்னதை எல்லாம் செய்துகொண்டு வந்திருக்கிறார். சொன்னபடி செய்தால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். நானும் அப்படி நம்பியவள்தான். புறப்படுவதற்கு முன் சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்று வாரை இழுத்துக் கட்ட வேண்டும். குதிரை அந்த நேரத்தில் மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும், இறுக்கப்போகிறார்கள் என்று அதுக்குத் தெரியும், அதனால் பத்து நிமிஷம் நடத்திவிட்டு மறுபடி வாருக்கும் தோலுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்க்க வேண்டும். வழியில் எங்கே நின்றாலும், எவ்வளவு நேரம் நின்றாலும், மறுபடி ஏறுவதற்கு முன் திரும்பவும் பார்க்க வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் புருஷன் விழுந்த அன்றைக்கு, மேலே பாறையில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது பார்த்தேனா?

பார்த்தேன். விரல்களுக்கு ஞாபகம் இருக்கிறது, வாரின் ஓரம், வியர்வை ஈரம், மணியன் வயிற்றின் சூடு, இரண்டு விரல் நுழையும், மூன்றாவது நுழையாது. ஆனால் அந்த ஞாபகம் எந்த நாளுடையது? அதுதான் பிடிபடவில்லை. அதற்கு முந்தின நாளும் பார்த்தேன், அதற்கு முந்தின நாளும், ஆயிரம் நாள் பார்த்த விரல் இது, ஆயிரத்தையும் ஒன்றாகக் குழைத்து ஒரே ஞாபகமாக வைத்திருக்கிறது. அந்த ஒரு நாளை மட்டும் தனியே எடு என்றால் எடுக்கத் தெரியவில்லை. வாசல் கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் நின்று யோசிப்பதைப் போல. திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிடலாம், இதற்குத் திரும்பிப் போக வழியில்லை. போலீஸ்காரர் கேட்டபோது பார்த்தேன் என்றேன். முதலாளி கேட்டபோதும் பார்த்தேன் என்றேன். சேணம் நழுவியது, விபத்து என்று எழுதி முடித்தார்கள். பாதிரியாரிடம் மட்டும் தெரியவில்லை ஃபாதர் என்றேன், அவர் ஜெபம் பண்ணச் சொன்னார். முழங்காலில் நின்று ஜெபத்தை ஆரம்பித்தால் ஆண்டவரிடமும் கேட்பது இதே கேள்விதான், பார்த்தேனா? அவர் மட்டும் என்ன சொல்லிவிடப்போகிறார்.

"எம்மா, முட்டி வலிக்கி" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. நிறுத்தி, இறங்கிப் போய், அவர் காலைப் பிடித்துப் பார்க்கிறேன். ஸ்டிரப் ஒரு ஓட்டை உயரத்தில் இருக்கிறது. வலிக்கிறதைச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டே வந்தால் முட்டியை இறுக்குவீர்கள், நீங்கள் இறுக்கினால் அவள் என்னமோ ஏதோ என்று மிரளுவாள், வலித்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்கிறேன். பட்டையைத் தளர்த்தி அவர் கணுக்காலைப் பிடித்து மறுபடி வைக்கிறேன். கணுக்கால் நடுங்கிக்கொண்டிருக்கிறது. மேலே முகத்தில் ஒன்றும் இல்லை, நேரே பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் சொன்னபடியே. இவருக்கு எவ்வளவு பயம்! இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு எதற்கு ஏறி உட்கார்ந்திருக்கிறார்? என்னை என்ன செய்ய வந்திருக்கிறார்? "மூச்சை நல்லா வெளியே விடுங்கம்மா. பேசிக்கிட்டே வாங்க. பேசினா மூச்சு தானா வரும்." "என்ன பேச?" என்கிறார். அவர் பார்வைக்குப் படாதபடி பூரணியின் வாருக்கு அடியில் விரலை விட்டுப் பார்க்கிறேன். இரண்டு. மறுபடி விடுகிறேன். இரண்டு. நம்பிக்கை வராமல் மறுபக்கம் போயும் பார்க்கிறேன். இப்போதெல்லாம் இப்படித்தான், ஒரு சவாரியில் முப்பது தடவை. விருந்தாளிகள் இந்த அக்காவுக்கு ரொம்ப அக்கறை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

சோலைக்குள் நுழைகிறோம். வெளிச்சம் குறைந்து பச்சையாகிறது, லாடச் சத்தம் சருகில் அமுங்கிவிடுகிறது. நடுவே ஒரு குதிரை நீளம் இடைவெளி விட்டு வாருங்கள், கிளை தாழ்ந்திருந்தால் கையால் தள்ளாதீர்கள், குனிந்துகொள்ளுங்கள், தேன்கூடு கண்ணில் பட்டால் சத்தம் போடாமல் என்னிடம் சொல்லுங்கள். நான் பேசுவது எனக்கே கேட்கிறது. இந்தப் பேச்சு மட்டும் நின்றால் உள்ளே இருப்பது கேட்க ஆரம்பித்துவிடும், அதனால் பேசுகிறேன். அன்றைக்குக் குற்றாலிங்கத்தோடு சேர்த்து ஐந்து பேர் வந்திருந்தார்கள், தென்காசியில் தையல் கடை வைத்திருக்கிறவர்கள், கூட்டாளிகள், கேலியும் கும்மாளமும். அன்றைக்கு மேகம் கூடிக்கொண்டு வந்தது. பாறையில் ஒரு கால் மணி நேரம் நின்றோம். கிளம்பி இறங்கும்போது மூன்றாவது திருப்பத்தில் சின்ன நீர்க்கால், ஒரு முழ அகலம்கூட இருக்காது, மணியன் அதைத் தாண்டினான், தினமும் தாண்டுவதுதான், சேணம் அப்படியே பக்கவாட்டில் சுழன்றது. ஹெல்மெட் இருந்தது. கழுத்து மடங்கிவிட்டது. கழுத்துக்கு நம்மிடம் என்ன இருக்கிறது. நான் இறங்கி ஓடும்போது சேணம் மணியன் வயிற்றுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அவன் அசையாமல் நின்றான், அசைந்திருந்தால் அவரை மிதித்திருப்பான். நல்ல குதிரை. குதிரைமேல் தப்பில்லை. அப்போது தப்பு எங்கே போகும்? எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்.

பாறை வந்துவிட்டது. இங்கேதான் எல்லாரையும் இறக்கித் தண்ணீர் கொடுப்பது வழக்கம், ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் முதல் தடவை ஏறுகிறவர்களுக்குக் கால் மரத்துவிடும். அவரைத் தாங்கி இறக்குகிறேன். தரையில் கால் பட்டதும் ஒரு கணம் என் தோளைப் பிடித்துக்கொள்கிறார், பிறகு விட்டுவிடுகிறார். குதிரைகளைக் கட்டிவிட்டு வருவதற்குள் பாறை ஓரத்தில் உட்கார்ந்து பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்திருக்கிறார். கீழே பள்ளத்தாக்கு தெளிவாக இருக்கிறது, இன்று மேகம் இல்லை. "இப்படி உக்காருங்க" என்கிறார். உட்காருகிறேன். "என்னயத் தெரியுதா?" "தெரியுதும்மா. பேரைப் பார்த்ததுமே தெரிஞ்சுது." "எனக்கும் உங்களத் தெரியும். அன்னைக்கு ஆசுபத்திரியில தூணுக்குப் பின்னால நின்னீக. கிட்ட வருவீகன்னு பாத்தேன்." மன்னிச்சிடுங்கம்மா என்ற சொல் பதினான்கு மாதமாக நாக்கில்தான் இருந்தது, இப்போது அது பொருந்தவில்லை, ரொம்பச் சின்னதாக இருக்கிறது. "ஒண்ணு கேக்கணும் நீங்க. கேட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்று போனைத் தட்டுகிறார்.

காற்றுச் சத்தம் முதலில். பிறகு ஒரு ஆண் குரல். உடனே தெரிந்துவிட்டது, குற்றாலிங்கத்தின் குரல். "வடிவு, நான்தான். ஒரு பாறை மேல நிக்கேன். கீழ பூரா மேகம், பஞ்ச உதறிப் போட்ட மாதிரி கிடக்கு. எனக்குக் கிடைச்ச குதிரைக்கு மணியன்னு பேரு. பாவம், வயித்த இறுக்கிக் கட்டிருக்காவ, மூச்சு விடக் கஷ்டப்படுது. நான் சும்மா ஒரு ரெண்டு ஓட்டை தளர்த்திவிட்டிருக்கேன், யாரும் பாக்கல. சொன்னா வைவாவ." ஒரு சிரிப்பு. அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு பெண் குரல், சத்தமாக, அவசரமாக: "ஏறுங்க சார், எல்லாரும் ஏறுங்க, மழை வருது. அப்படியே கல்லு மேல நின்னு ஏறிக்குங்க, நேரமில்ல." "கூப்பிடுதாவ, வச்சிருதேன்" என்கிறது ஆண் குரல். முடிந்துவிடுகிறது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டு பேசுகிறார். "அன்னைக்கு இந்தப் பாறையிலருந்து அவுக அனுப்பினது. இத நான் யாருக்கும் போட்டுக் காட்டல. போலீசு கேட்டப்பவும் காட்டல, எம் மவன்கிட்டயும் காட்டல. தானே தேடிக்கிட்ட சாவுன்னு ஊருல பேசிருவாங்களேன்னு. அவுகளுக்கு இறுக்கமா இருந்தா ஆகாது. சட்டை தச்சாலும் கேட்டதுக்கு மேல அரை இஞ்ச் விட்டுத்தான் தைப்பாக. அந்தக் குணந்தான் கொண்டுபோயிருச்சு. எம் மவன் இன்னைக்கு வரைக்கும் உங்களத்தான் ஏசுதான், அந்தக் குதிரைக்காரிதான் எங்கப்பாவக் கொன்னுட்டான்னு. நான் கேட்டுக்கிட்டு சும்மா இருக்கேன். சோறு எறங்கல எனக்கு. அதான் நேர்ல சொல்லிருவோம்னு வந்தேன். அவுக போன வழியில போயிட்டுச் சொல்லணும்னு தோணிச்சு. உங்க மேல தப்பு இல்ல."

உங்க மேல தப்பு இல்ல. இந்த மூன்று நான்கு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன், யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று. இதோ சொல்லிவிட்டார், சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள். வாங்கிக்கொள் மார்த்தா. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு எழுந்துவிடு. அவரே தளர்த்திக்கொண்டார், யாருக்கும் சொல்லவில்லை, நீ என்ன செய்ய முடியும். வாங்கிக்கொள். ஆனால் அந்தக் குரல். ஏறுங்க சார், நேரமில்ல. அது என் குரல். அந்தக் குரலுக்கு அவசரம், அது பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மணியன் பக்கத்திலிருந்து வரவில்லை. எங்கே நின்றேன் என்று இப்போது தெரிகிறது, முன்னால், என் குதிரைமேல், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து. "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்கிறேன். போடுகிறார். கல்லு மேல நின்னு ஏறிக்குங்க. கல்லிலிருந்து ஏறினால் ஸ்டிரப்பில் பாரம் விழாது, வார் தளர்ந்திருந்தாலும் ஏறும்போது சேணம் சுழலாது. ஆயிரம் நாள் ஞாபகத்திலிருந்து அந்த ஒரு நாள் தானாகக் கழன்று வந்து என் முன்னால் நிற்கிறது. அதில் விரல் இல்லை, வார் இல்லை, சூடு இல்லை. மழைக்கு முந்தின காற்றும் என் சத்தமும் மட்டும்தான்.

சொல்லாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? இவர் நிம்மதியாகப் போவார். நானும். இல்லை, இவர் எங்கே நிம்மதியாகப் போவார், புருஷனே தன் சாவைத் தேடிக்கொண்டார் என்ற எண்ணத்தோடு அல்லவா போவார், அந்த எண்ணத்தை எனக்காகச் சுமந்துகொண்டு போவார். "அம்மா," என்கிறேன். "நான் பார்க்கலை. நின்னுட்டுக் கிளம்பறப்ப ஒவ்வொரு குதிரைக்கும் வாரைத் தொட்டுப் பார்க்கணும். அது என் வேலை. யார் தளர்த்தினாலும், தானாத் தளர்ந்தாலும், அதுக்காகத்தான் அந்த வேலையே. தொட்டிருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். பார்த்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். பார்க்கலை. இப்பதான் எனக்கே தெரியுது." அவர் முகம் திரும்புகிறது. கண்ணை நேராகப் பார்க்கிறார், பூரணி இரண்டு தடவை தலையைச் சிலுப்புகிறாள். அடிப்பார் என்று நினைக்கிறேன். அடித்தால் நல்லது. "நான் உங்களுக்கு நிம்மதியக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்கிறார் மெதுவாக, "நீங்க திருப்பித் தாறீகளே." பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. நான் தொடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, வர எனக்கு உரிமை இல்லை என்று உடம்புக்கே தெரிந்திருக்கிறது போல.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். "எம் மவன்கிட்ட நான் என் பங்கச் சொல்லிருதேன். உங்க பங்க நீங்க சொல்லணும்." "சொல்றேன்." "போலீசுக்கு, கேசுக்குன்னு போவான் அவன். கோவக்காரன்." "போகட்டும்மா. சொல்றேன்." இதைச் சொல்லும்போது பயம் வருகிறது, நிஜமான பயம், வேலை போகும், முதலாளி என்ன சொல்வாரோ, பன்னிரண்டு வருஷம். ஆனால் பார்த்தேனா என்ற அந்தக் கேள்வியைக் காணோம். அது இருந்த இடத்தில் வலிதான் இருக்கிறது, வலியாவது ஓரிடத்தில் நிற்கிறது. "இனி நான் ஏறல," என்கிறார், "நடந்தே வாறேன்." இரண்டு குதிரைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்குகிறேன். மூன்றாவது திருப்பம். நீர்க்காலில் தண்ணீர் இல்லை, கல்லும் காய்ந்த பாசியும்தான். அவர் கேட்கவில்லை, நானாக நின்றுவிடுகிறேன். பார்க்கிறார். இவ்வளவுதானா என்பதுபோல் பார்க்கிறார். ஒரு எட்டில் தாண்டிவிடுகிறார்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "கடைசி ஒரு மணி நேரம் நீங்கதான் அவுக கூட இருந்தீக. கூட வந்த கூட்டாளிகளக் கேட்டா அழுதுருதாக, ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக. என்ன பேசினாக அவுக?" என்கிறார். பதினான்கு மாதம், தூங்கும்போதும் விழிக்கும்போதும் வார், வார், வார், அந்த மனுஷனை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. முகம்கூட விழுந்து கிடந்த முகம்தான் இருக்கிறது. ஏறி உட்கார்ந்திருந்த முகம்? சிரித்த முகம்? நடந்துகொண்டே தேடுகிறேன், மணியன் மூச்சு என் கழுத்தில் படுகிறது. "என் ஜாக்கெட்டைப் பார்த்தாரும்மா," என்கிறேன். "மழைக்குப் போடற ஜாக்கெட்டு. சோலைக்குள்ள எனக்குப் பின்னால வந்துக்கிட்டிருந்தாரு. அம்மா, உங்க இடது தோளு வலதவிட எறங்கி இருக்கு, இத யாரு தச்சதுன்னு கேட்டாரு. கடையில வாங்கினதுன்னு சொன்னேன். அதான பாத்தேன்னாரு. தென்காசிப் பக்கம் வந்தா கொண்டு வாங்க, பிரிச்சுத் தச்சுத் தாரேன்னாரு." பின்னால் காலடி நிற்கிறது. திரும்பினால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், அழுகை என்று நினைத்தேன், பாதி சிரிப்பு. "சாவப் போற வழியிலயும் தோளுதான் கண்ணுல பட்டிருக்கு." மறுபடி நடக்கிறார், இப்போது என் பக்கத்தில். "அப்புறம்?" "எங்க வீட்டுல குதிரைன்னாலே பயப்படுவா, அடுத்த தடவ கூட்டிட்டு வந்து ஏத்திவிடணும்னாரு." "எனக்கா பயம்? அவுகளுக்குத்தான் பயம். பஸ்ஸுல ஜன்னல் ஓரங்கூட உக்கார மாட்டாக." அவருக்குப் பயமா? முன்னால் போன நான் அதைப் பார்க்கவே இல்லையே. இப்போது யோசித்தால், ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது கடிவாளத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன, ஆமாம், பேச்சு நிற்கவே இல்லை, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வந்தார். அதையும் சொல்கிறேன். "அப்படித்தான்," என்கிறார், "பயந்தா பேசிக்கிட்டே இருப்பாக." தேயிலை தெரிய ஆரம்பிக்கிறது, வெயில் சரிவு முழுக்க இறங்கிவிட்டது. இன்னும் அரை மணி நேர நடை. "உங்க தோளத் தொட்டு அளந்து பாத்தாகளா?" என்று கேட்கிறார். "இல்லம்மா, அங்கேருந்தே கண்ணால." "ம். கண்ணாலதான் அளப்பாக." பிறகு, "இன்னும் என்ன சொன்னாக?" என்கிறார். நான் சொல்லிக்கொண்டே இறங்குகிறேன்.